குருவி தலையில் பனங்காய்: குறைமாதக் குழந்தையின் இதயம், முதல் மூன்று நாள்

27 வாரத்தில் பிறந்த உங்கள் அண்ணன் குழந்தை, எடை 950 கிராம். முதல் நாள் ராத்திரி சராசரி ரத்த அழுத்தம் 26-க்கு இறங்கியது, எக்கோ எடுத்தார்கள், "பிறவிக் கோளாறு எதுவும் இல்லை, டக்டஸ் மட்டும் திறந்திருக்கிறது, இப்போதைக்கு மருந்து வேண்டாம், பார்ப்போம்" என்று சொல்லிவிட்டார்கள். குழந்தைக்கு இதயம் பலவீனமா, பலவீனம் என்றால் ஏன் சும்மா இருக்கிறார்கள் என்பது உங்கள் கேள்வி. பச்சிளங்குழந்தை ஐசியுவில் பல வருஷம் ராத்திரி டூட்டி பார்த்தவன் நான், அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். குழந்தையை நேரில் பார்க்காமல் அவர்கள் செய்தது சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த "பார்ப்போம்" என்பதற்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது.

முதலில் வயிற்றுக்குள் அந்த இதயம் என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்று பார்த்துவிடலாம். அங்கே நுரையீரலில் காற்று கிடையாது, திரவம்தான். ஆக்ஸிஜன் வாங்குவதும் கரியமில வாயுவை வெளியேற்றுவதும் நஞ்சுக்கொடியின் வேலை. இதயம் தள்ளும் ரத்தத்தில் 10 முதல் 20 சதவீதம்தான் நுரையீரலுக்குப் போகும், மிச்சம் குறுக்குவழிகளில் ஓடிவிடும். அதில் ஒரு வழி இரண்டு மேலறைகளுக்கு நடுவே இருக்கும் திறப்பு, இன்னொன்று நுரையீரல் தமனியையும் மகாதமனியையும் இணைக்கும் டக்டஸ். வேலையில் பெரிய பங்கு வலது கீழறைக்கு. இடது கீழறை தள்ளுவது குறைவு, அதுவும் நஞ்சுக்கொடி என்ற மிக லேசான எதிர்ப்புள்ள ஒரு பாதை எதிரே திறந்து கிடக்கும்போது. இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்: இடது பக்கத்துக்கு வந்து சேரும் ரத்தத்தில் பெரும் பகுதி நுரையீரலில் இருந்து வருவதில்லை. தொப்புள்கொடி வழியாக வந்து, மேலறைத் திறப்பைத் தாண்டி, இடது பக்கம் விழுகிறது.

இப்போது பிறப்பு. தொப்புள்கொடியில் கிளாம்ப் போட்ட நொடியில் இரண்டு காரியம் ஒரே சமயத்தில் நடக்கிறது. லேசான பாதை அடைபட்டதால் இடது கீழறை தள்ள வேண்டிய சுமை ஏறுகிறது. கொடி வழியாக வந்த ரத்தமும் நின்றுவிடுவதால் அதே கீழறைக்கு வரத்து குறைகிறது. குழந்தை ஏற்கெனவே மூச்சு விட்டு நுரையீரலில் காற்று நிறைந்திருந்தால் பிரச்சினை இல்லை, நுரையீரல் ரத்தக்குழாய்கள் விரிந்து அந்தப் பக்கமிருந்து வரும் ரத்தம் இடது பக்கத்தை நிரப்பிவிடும். மூச்சு வருவதற்கு முன்பே கொடியை வெட்டினால்? பழைய வரத்து நின்றாயிற்று, புதிய வரத்து இன்னும் தொடங்கவில்லை. நடுவில் மாட்டிக்கொண்ட இதயம் துடிப்பைக் குறைத்துக்கொள்கிறது. உதவி எதுவும் தேவைப்படாத குழந்தைகளை வைத்து 2010-இல் வெளியான அட்டவணையில்கூட முதல் நிமிடத்தில் நடுத்தர இதயத்துடிப்பு 96-தான், 100-ஐத் தொடவில்லை. அந்தக் காலத்தில் கொடியை உடனே வெட்டுவதுதான் வழக்கம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் குறைமாத ஆட்டுக்குட்டிகளை வைத்துச் செய்து 2013-இல் வெளியிட்ட சோதனை இதை அப்பட்டமாகக் காட்டியது. ஒரு குழுவுக்கு முதலில் நுரையீரலுக்குக் காற்று கொடுத்து, அப்புறம் கொடியை அடைத்தார்கள். இன்னொரு குழுவுக்கு முதலில் கொடி, அப்புறம் காற்று. முன்னதில் துடிப்பும் ரத்த அழுத்தமும் மூளைக்குப் போகும் ரத்தமும் பெரிதாக ஆடவில்லை. பின்னதில் எல்லாம் ஊஞ்சல் மாதிரி ஏறி இறங்கின. அந்த வரைபடத்தைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. ஏனென்றால் எத்தனையோ வருஷம், குழந்தை வெளியே வந்த பத்தாவது நொடியில் கிளாம்ப் போட்டு, வார்மர் மேஜைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதைத்தான் நாங்கள் சுறுசுறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இன்றைக்கு குழந்தையின் நிலை இடம் கொடுத்தால் குறைந்தது 30 முதல் 60 நொடி வரையாவது கொடியை விட்டுவைப்பது வழக்கமாகிவிட்டது. 2023-இல் பல ஆய்வுகளின் குழந்தைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஒரு பெரிய அலசல், இப்படிக் காத்திருந்தால் குறைமாதக் குழந்தைகளில் இறப்பு குறைகிறது என்றே காட்டியது. "காத்திருக்க நேரமில்லை, கொடியைப் பிழிந்து ரத்தத்தை உள்ளே தள்ளிவிடலாமே" என்ற யோசனையும் வந்தது. கேட்கச் சாமர்த்தியமாகத்தான் இருக்கும். 2019-இல் வெளியான ஆய்வில், 28 வாரத்துக்குக் குறைந்த குழந்தைகளில் பிழிந்தவர்களுக்கு மூளைக்குள் கடுமையான ரத்தக்கசிவு 22 சதவீதம், காத்திருந்தவர்களுக்கு 6 சதவீதம். அந்த வயதுக் குழந்தைகளைச் சேர்ப்பதை அத்தோடு நிறுத்திவிட்டார்கள். அதே ரத்தம், அதே அளவு, வேகம்தான் வேறு. இந்தக் குழந்தைகள் விஷயத்தில் வேகம் எவ்வளவு முக்கியம் என்று யாராவது கேட்டால் இந்த ஒரு ஆய்வைத்தான் சொல்வேன்.

சரி, இதயத் தசைக்கு வருவோம். 27 வாரத்து இதயச் செல்லில் சுருங்கும் இழைகள் குறைவு, இருப்பதும் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்காது. ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவும் குறைவு. வளர்ந்த இதயச் செல்லுக்குள் கால்சியத்தைச் சேர்த்துவைக்க ஒரு கிடங்கு உண்டு, ஒவ்வொரு துடிப்புக்கும் அதிலிருந்து திறந்துவிட்டு மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். குறைமாத இதயத்தில் அந்தக் கிடங்கு இன்னும் கட்டி முடியவில்லை. சுருங்க வேண்டிய கால்சியத்துக்கு வெளியே ஓடும் ரத்தத்தைத்தான் பெருமளவு நம்பியிருக்கிறது. அதனால்தான் ரத்தத்தில் கால்சியம் இறங்கினால் இந்தக் குழந்தைகளுக்குச் சுருக்கமே தளர்ந்துபோகும், கால்சியம் செல்லுக்குள் நுழைவதைத் தடுக்கும், பெரியவர்களுக்குச் சாதாரணமாகக் கொடுக்கும் வெராபமில் போன்ற மருந்தைக் கைக்குழந்தைகளுக்குக் கொடுக்கவே பயப்படுவோம்.

தசை கொஞ்சம் விறைப்பாகவும் இருக்கும். விறைப்பு என்றால் சுருங்குவது மட்டும் சிரமம் என்று அர்த்தமில்லை, விரிந்து ரத்தத்தை வாங்கிக்கொள்வதும் சிரமம். பெரியவர்களின் கீழறை தளர்ந்தவுடன் ரத்தம் தானாக உள்ளே இறங்கிவிடும், கடைசியில் மேலறை கொஞ்சம் தள்ளிவிட்டால் போதும். குறைமாதக் குழந்தையின் எக்கோவில் இது தலைகீழ்: தானாக இறங்கும் அலை சின்னது, மேலறை தள்ளும் அலை பெரியது. முதல்முறை பார்க்கும் பயிற்சி டாக்டர்கள் அளவைத் தப்பாக எடுத்துவிட்டோமோ என்று ப்ரோபை எடுத்து ஜெல்லைத் துடைத்துவிட்டு மறுபடி வைப்பார்கள். தப்பில்லை, இந்த வயதுக்கு அதுதான் இயல்பு. நிரப்ப இடம் குறைவு என்பதால் ஒரு துடிப்புக்குத் தள்ளும் அளவைக் கூட்டிக்கொள்ளவும் அதிகம் வழியில்லை, துடிப்பின் எண்ணிக்கையை வைத்துத்தான் சமாளிக்கிறது. மானிட்டரில் 150, 160 என்று ஓடுவதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ குழந்தையின் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 200 மில்லி தள்ளுகிறது என்று வையுங்கள். துடிப்பு 150 என்றால் ஒரு துடிப்புக்கு 1.3 மில்லி, ஒரு தேக்கரண்டியில் கால்வாசி. உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே 80, 90 மில்லிதான், அது நிமிடத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் சுற்றி வருகிறது. நமக்கு ஒரு தடவை சுற்றினாலே போதும். பரிசோதனைக்கு 1 மில்லி ரத்தம் எடுத்தால், பெரியவர் ஒருவரிடம் ஐம்பது, அறுபது மில்லி எடுத்த மாதிரி. நர்ஸ் ரத்தம் எடுக்கத் தயங்கினால், இரண்டு பரிசோதனையை ஒன்றாகச் சேர்க்கச் சொன்னால், காரணம் இதுதான்.

இப்படிப்பட்ட இதயத்தின் தலையில்தான் பிறந்த சில நிமிடங்களில் உடம்பு முழுவதன் எதிர்ப்பும் ஏறி உட்காருகிறது. குருவி தலையில் பனங்காய் என்று சொல்வோமே, அதுதான். சுமை ஏறும்போது தள்ளும் அளவை விட்டுக்கொடுத்துவிடும் குணம் இந்தத் தசைக்கு உண்டு. அதன் விளைவு உடனே தெரியாது என்பதுதான் ஆபத்து. பிறந்து ஐந்து மணி நேரத்தில் இருந்து பன்னிரண்டு மணி நேரம் வரை மெல்ல மெல்லத் தெரியும்.

சிட்னியில் க்ளக்கோ, எவான்ஸ் என்ற இரண்டு டாக்டர்கள் இதைப் பிடித்தார்கள். டக்டஸும் மேலறைத் திறப்பும் திறந்திருக்கும்போது இதயத்துக்கு வெளியே போகும் ரத்தத்தை அளந்தால் கணக்கு குழம்பும், ஏனென்றால் அதில் ஒரு பங்கு நுரையீரலுக்கே திரும்பிப் போய்க்கொண்டிருக்கும். அதனால் அவர்கள் உடம்பின் மேல்பாதியில், மூளையிலிருந்தும்தான், இதயத்துக்குத் திரும்பி வரும் பெரிய சிரையில் அளந்தார்கள். முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் சில குழந்தைகளுக்கு அந்த ஓட்டம் வெகுவாக இறங்கியது, அப்புறம் தானாகவே ஏறியது. மூளைக்குள் ரத்தக்கசிவு வந்த குழந்தைகளில் பெரும்பாலோர் இந்த இறங்கின கூட்டத்தில் இருந்தவர்கள். கவனிக்க வேண்டிய விஷயம், கசிவு வந்தது ஓட்டம் இறங்கிக் கிடந்தபோது இல்லை, மறுபடி ஏறிய பிறகு. வறண்டு கிடந்த வாய்க்காலில் திடீரென்று தண்ணீர் திறந்துவிட்டால் கரை உடைகிற மாதிரி. அந்த வயதில் மூளையின் உள்ளறைகளை ஒட்டி ஒரு மெல்லிய பகுதி இருக்கிறது, அங்கே ரத்தக்குழாய்ச் சுவர் நூலாம்படை மாதிரி. ஓட்டத்தைச் சீராக வைத்துக்கொள்ளும் கட்டுப்பாடும் மூளைக்கு இன்னும் கைவரவில்லை. 2000-இல் இந்த வேலை வெளியான பிறகுதான் முதல் நாளை நாங்கள் பார்க்கிற விதமே மாறியது.

இப்போது உங்களைப் பயமுறுத்திய அந்த 26. "சராசரி அழுத்தம் குழந்தையின் வார எண்ணிக்கைக்குக் கீழே போகக் கூடாது" என்று ஒரு விதி 1990-களில் இருந்து புழக்கத்தில் இருக்கிறது. 27 வாரம் என்றால் 27. வசதியான விதி, ராத்திரி மூன்று மணிக்கு மனப்பாடமாக நினைவுக்கு வரும். ஆனால் அழுத்தம் என்பது ஓட்டமும் எதிர்ப்பும் சேர்ந்து தருகிற எண். ஹோஸ் பைப்பின் வாயை விரலால் அழுத்திப் பிடித்தால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், வாளி நிறைய நேரமாகும். குழாய்கள் இறுகினால் குழந்தையின் அழுத்தமும் அழகாக 32 காட்டும், மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்திருக்கும். ஒரு ராத்திரி எனக்கு இது நடந்தது. எண் நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாக அடுத்த படுக்கைக்குப் போனேன். அந்தக் குழந்தையின் கை கால் சில்லிட்டிருந்தது, சிறுநீர் ஆறு மணி நேரமாக வரவில்லை, உடம்புக்கு ரத்தம் போதாதபோது ஏறும் லாக்டேட் ஏறிக்கொண்டிருந்தது, இதெல்லாம் சார்ட்டில் எழுதியே இருந்தது, ஆனால் நான் படித்தது அழுத்தக் கட்டத்தை மட்டும். மறுநாள் தலை ஸ்கேனில் கசிவு. இதனால்தான் வந்தது என்று நிரூபிக்க முடியாது. ஆனாலும் அந்தக் கட்டத்தை மட்டும் தனியாகப் படிக்கும் பழக்கம் அன்றோடு போனது.

எண்ணை ஏற்றுவதற்கு டோபமின் கொடுக்கும் பழக்கமும் பல வருஷமாக உண்டு. அது குழாய்களை இறுக்கியும் அழுத்தத்தை ஏற்றும், அதாவது குருவி தலையில் இன்னொரு பனங்காய். 28 வாரத்துக்குக் குறைந்த குழந்தைகளில் டோபமினையும் வெறும் திரவத்தையும் ஒப்பிட ஒரு பன்னாட்டு ஆய்வு நடந்தது. பல நூறு குழந்தைகளைச் சேர்க்கத் திட்டமிட்டு, 58 பேரோடு நிறுத்த வேண்டியதாகிவிட்டது, அதனால் திட்டவட்டமான முடிவு எதுவும் கிடைக்கவில்லை. சுருக்கத்தைக் கூட்டி எதிர்ப்பைக் குறைக்கும் மில்ரினோனை முன்கூட்டியே கொடுத்துப் பார்த்த ஆய்வும் 2009-இல் வந்தது, ஓட்டம் இறங்குவதை அது தடுக்கவில்லை. ஓட்டம் குறைந்திருக்கிறது என்று எக்கோ காட்டினால் நான் டோபுடமினைத்தான் முதலில் எடுப்பேன், தசைக்குக் கை கொடுக்கும், குழாய்களை அவ்வளவாக இறுக்காது. சலைனை மேலே மேலே ஏற்றுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, ரத்தம் இழந்த குழந்தை என்றால் வேறு கதை. நிரம்ப இடமில்லாத விறைத்த அறைக்குள் தண்ணீரைக் கொட்டி என்ன பயன்?

ஆகவே 26 இருந்தும், எக்கோவில் தசை நன்றாகச் சுருங்குகிறது, கை கால் வெதுவெதுப்பாக இருக்கிறது, சிறுநீர் போகிறது, லாக்டேட் இறங்குகிறது என்றால் மருந்து கொடுக்காமல் இருப்பது அலட்சியம் ஆகாது. ஒவ்வொரு மணி நேரமும் வந்து பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது மருந்து எழுதுவதைவிடக் கஷ்டமான வேலை, என்னை நம்புங்கள்.

டக்டஸ் விஷயம். நிறைமாதக் குழந்தைக்கு ஆக்ஸிஜன் ஏறியதும், குழாயைத் திறந்துவைக்க நஞ்சுக்கொடியிலிருந்து வந்துகொண்டிருந்த புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் இறங்கியதும் அந்தக் குழாய் சுருங்கி இரண்டு மூன்று நாளில் மூடிவிடும். குறைமாதக் குழந்தையில் குழாயின் தசை மெல்லியது, ஆக்ஸிஜனுக்கு அவ்வளவாக மசியாது, புரோஸ்டாகிளாண்டினுக்கோ ரொம்ப மசியும், அதனால் திறந்தே கிடக்கும். வயிற்றுக்குள் இருந்தபோது நுரையீரல் பக்கமிருந்து மகாதமனிக்கு ஓடிய ரத்தம், நுரையீரல் எதிர்ப்பு இறங்க இறங்க, திசை மாறி மகாதமனியிலிருந்து நுரையீரலுக்கு ஓடத் தொடங்கும். நுரையீரலில் ஈரம் கட்டும், இடது பக்கம் ஒரே ரத்தத்தைத் திரும்பத் திரும்பத் தள்ளிக் களைக்கும், குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் பங்கு குறையும். அழுத்தத்தின் கீழ் எண் இறங்குவதும் இதனால்தான்.

"அப்படியானால் மூடிவிட வேண்டியதுதானே?" என்றுதான் நாங்களும் நினைத்தோம். பிறந்ததும் எல்லோருக்கும் டக்டஸை மூடவைக்கும் இண்டோமெத்தசின் மருந்தைக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2001-இல் வந்தது. டக்டஸ் மூடியது, கடுமையான மூளைக்கசிவும் குறைந்தது. ஆனால் ஒன்றரை வயதில் பார்த்தால் இறப்பிலோ வளர்ச்சிக் குறைபாட்டிலோ வித்தியாசம் இல்லை. 2023-இல் காத்திருப்பதையும் அதே வேலை பார்க்கும் இப்யூபுரூஃபென் கொடுப்பதையும் ஒப்பிட்ட ஆய்வில், காத்திருந்தவர்கள் நிலைமை மோசமாகவில்லை. 2024-இல் பெரிய டக்டஸுக்கு முதல் மூன்று நாளுக்குள்ளேயே இப்யூபுரூஃபென் கொடுத்துப் பார்த்ததிலும் இறப்போ நுரையீரல் பாதிப்போ குறையவில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது தானாகவே மூடிவிடுகிறது, சிலருக்கு வாரக்கணக்கில், சிலருக்கு வீட்டுக்குப் போன பிறகு. இதை வைத்து எந்த டக்டஸையும் தொடவே கூடாது என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. வென்டிலேட்டரை விட்டு வர முடியாமல், இடது மேலறை வீங்கி, மகாதமனியில் ரத்தம் பின்னோக்கி ஓடுகிறது என்று எக்கோவில் தெரியும் குழந்தை வேறு, 27 வாரத்தில், மூக்கு வழியாக லேசான காற்றழுத்தம் தரும் சிபாப்பில் நிம்மதியாகத் தூங்கும் குழந்தை வேறு. இரண்டுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. மருந்துக்கு மசியாமல் தொல்லை கொடுத்தால், 700 கிராம் எடையிலேயே தொடை ரத்தக்குழாய் வழியாகச் சின்ன அடைப்பான் வைக்க 2019 முதல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட கருவி இருக்கிறது.

வென்டிலேட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. காற்றழுத்தம் அதிகமானால் மார்புக்குள் இதயத்துக்கு ரத்தம் திரும்புவது குறையும், ரத்த அழுத்தம் இறங்கும். "இதயம் வீக்" என்று கூப்பிட்டுக் காட்டிய சில குழந்தைகளுக்கு நான் செய்த வைத்தியம் வென்டிலேட்டர் அழுத்தத்தை ஒன்றிரண்டு குறைத்தது மட்டும்தான். குழந்தையைச் சூடாக வைத்துக்கொள்வதும் இதே வகை. பிறந்தவுடன் துடைக்காமல் பிளாஸ்டிக் பைக்குள் கழுத்து வரை போட்டார்களே என்று அண்ணன் அதிர்ந்திருப்பார், அது சூடு போகாமல் இருக்க.

பின்னாளில் என்ன ஆகும் என்றும் கேட்டிருந்தீர்கள். குறைமாதத்தில் பிறந்து இருபதுகளில் இருப்பவர்களை ஆக்ஸ்ஃபோர்டில் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து 2013-இல் வெளியிட்டார்கள். இடது கீழறையின் வடிவம் கொஞ்சம் மாறி, தசை சற்றுத் தடித்திருந்தது. வலது கீழறை சின்னதாக இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் சாதாரணமாக நடமாடுகிறவர்கள்தான். பெரியவனானதும் டாக்டரிடம் போகும்போது 27 வாரத்தில் பிறந்தவன் என்று சொல்ல வேண்டும், வருஷத்துக்கு ஒரு தடவை ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், சிகரெட் பக்கம் போகக் கூடாது. இப்போதைக்கு இது போதும்.

நாளைக்கு ரவுண்ட்ஸில் அண்ணனைக் கேட்கச் சொல்லுங்கள்: இடது மேலறை வீங்கியிருக்கிறதா, மகாதமனியில் ரத்தம் பின்னோக்கி ஓடுகிறதா, அடுத்த எக்கோ எப்போது, தலை ஸ்கேன் எப்போது. யாராவது வந்து அழுத்தம் 26-இலிருந்து 31 ஆகிவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னால், சிறுநீர் எவ்வளவு போயிருக்கிறது என்று சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள்.